கேட்காமல் போட்ட சரி

வங்கி முகாமையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அம்மா, உங்கட கம்பனி டிரக்டர்மாரில ஒராளைக் கடன் கட்டேலாத வங்குரோத்து எண்டு கோடு அறிவிச்சிருக்கு, நீதிமன்றக் கட்டளை கிடக்கு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பத்து மாதத்துக்கு முன்பே நான் அடைத்துவிட்ட ஓட்டை அது என்று நினைத்தேன். "சேர், அவரை நான் டிரக்டராப் போடவே இல்லை. அவற்ர கதை எனக்குத் தெரியும். அதுக்காகத்தானே பேரே சேக்காமல் விட்டனான்" என்று படபடவென்று சொன்னேன். என் கெட்டித்தனத்தை அவர் மெச்சுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். "நீங்கள் ஆரைச் சொல்லுறீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் உங்கட வீட்டுக்காரரைச் சொல்லுறன்."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவரின் வாய் அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் காதில் ஏறவில்லை. என்னோடு ஒரு கூரையின் கீழ் இருக்கிற மனிதர். காலையில் நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பஸ்ஸுக்குச் சில்லறை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டு அனுப்பிய மனிதர்.

எங்கள் ஊர் மன்னாரில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற பக்கம். அப்பாவிடம் ஒரு அரிசி ஆலை இருந்தது. சண்டை அதன் கூரையையும் இயந்திரத்தையும் கொண்டுபோய்விட்டது, நாலு சுவர் மட்டும் மிச்சம். நான் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படகில் இந்தியா போய்ப் பதினொரு வருடம் முகாமில் இருந்தேன். பின்னால் வருகிறேன் என்ற கணவருக்கு வர வழி கிடைக்கவில்லை. அவர் புத்தளத்தில் நின்றார். "அரிசிக் கடையொன்றில் வேலை, பரவாயில்லை" என்று கடிதம் வரும். சில மாதம் காசு வரும், சில மாதம் வராது. சண்டை முடிந்து நான் திரும்பி வந்தபோது, காடு மண்டியிருந்த எங்கள் காணியில் தறப்பாள் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

மீளக் குடியேறியவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத பழக்கம். இடையில் போன வருடங்களைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒருவருக்குக் கால் இல்லை என்றால் கேட்கமாட்டோம். ஒரு பிள்ளை குறைகிறது என்றால் கேட்கமாட்டோம். சொன்னால் கேட்போம். சொல்லாவிட்டால் கிணறு இறைப்பதைப் பற்றிக் கதைப்போம். நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முகத்துக்கு நேரே கேட்காததை முதுகுக்குப் பின்னால் விசாரிப்பதற்கு மட்டும் எங்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை.

ஆலையைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்பது என் பிடிவாதம். வெட்டிய நெல்லைத் தெருவோரத்தில் ஈரத்தோடு குவித்து வைத்துக்கொண்டு, தெற்கிலிருந்து வருகிற லொறிக்காரன் சொல்கிற விலைக்குத் தலையாட்டுகிற எங்கள் சனத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நெல்லை நாங்களே குத்தி அரிசியாக விற்றால் என்ன? கணவர் "பாப்பம்" என்பார். அவர் எதற்கும் "பாப்பம்"தான்.

அந்த நேரத்தில்தான் எருக்கலம்பிட்டி வியாபாரி ஒருவர் வந்தார். தொண்ணூறில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பம், இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தது. எங்கள் அப்பாவிடம் நெல் வாங்கியவர் அவருடைய வாப்பா. வேலிப் படலையில் நின்று, "வீட்டுக்காரர் நிக்கிறாரா, தங்கச்சி?" என்றுதான் முதலில் கேட்டார். கணவர் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்தார். அதன் பிறகுதான் எங்களுக்குள் ஆலைக் கதை தொடங்கியது. மூலதனத்தில் கால் பங்கு தானும் போடுவதாகச் சொன்னார். அரிசியை விற்றுத் தரும் பொறுப்பும் தன்னுடையது என்றார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வந்த போதெல்லாம் என் கணவருக்கு வேலி கட்ட இருந்தது, மாடு தேட இருந்தது. ஆட்களோடு பழகத் தெரியாத மனுசன் என்று நான் ஏசியிருக்கிறேன்.

கம்பனி பதிய வேண்டும், அப்போதுதான் வங்கி பெரிய கடன் தரும் என்றார்கள். யாரை யாரைப் பணிப்பாளராகப் போடுவது என்ற பேச்சு வந்ததும் நான் சந்தையில் விசாரித்தேன். ஒரு லொறிக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அவரோ? புத்தளத்தில கடையை மூடிப்போட்டு வந்தவர். வங்குரோத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல நேரத்தில் தெரிந்தது என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போனேன். பாதி பூசிய வீட்டுக்குள் இருந்துகொண்டு, சுற்றி வளைக்காமல், பெரிய நிர்வாகி மாதிரிச் சொன்னேன். "நானா, குறை நினைக்காதேங்கோ. வங்கிக்காரர் பழசெல்லாம் கிண்டுவினம். உங்கட பேர் கடதாசியில இருந்தா எங்களுக்குக் கடன் வராது. பங்கு பங்காவே இருக்கட்டும், டிரக்டருக்கு என்ர அவரைப் போடுறன்."

அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கட அவரையா?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு, "சரி தங்கச்சி. மில் ஓடினாச் சரி" என்றார். உள்ளே குசினியில் அவருடைய மனைவி ஏதோ பாத்திரத்தைப் படாரென்று வைத்த சத்தம் கேட்டது. நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

வீட்டில் கணவர் இழுத்தடித்தார். "என்ர பேர் என்னத்துக்கு? மூத்தவளின்ர பேரைப் போடன்" என்றார். இந்த வயதில் வெட்கமோ என்று நான் பாய்ந்தேன். கம்பனியைப் பதிந்த பிறகு, வங்கிக் கடன் படிவத்தை மன்னார் ரவுனில் ஒரு ரைப்பிங் கடையில் இருந்து நான்தான் நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி இருந்தது: பணிப்பாளர் எவராவது எப்போதாவது வங்குரோத்து அடைந்தவரென நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டாரா? ஆம், ஒரு பெட்டி. இல்லை, ஒரு பெட்டி. நான் பேனையைத் தூக்கவே இல்லை. இல்லை என்ற பெட்டியில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கணவர் கையெழுத்து வைக்கும்போது, "இதையெல்லாம் வங்கியில திருப்பிப் பாப்பினமோ?" என்று கேட்டார். "பாத்தா என்ன? எங்களிட்ட ஒளிக்க என்ன கிடக்கு?" என்றேன்.

அந்தப் படிவம்தான் இப்போது முகாமையாளரின் மேசையில் கிடந்தது. மார்கழி மாதம். மாசியில் அறுவடை. கூரை போட்டாகிவிட்டது. இயந்திரத்துக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது, மூத்தவளின் கலியாணத்துக்கென்று சேர்த்த காசு அது. கடன் வராவிட்டால் முற்பணமும் திரும்பி வராது.

முகாமையாளர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். "அவர் வங்குரோத்து ஆனதுக்காக மட்டும் நான் கதவைச் சாத்தமாட்டன், அம்மா. சண்டைக் காலத்தில விழுந்தெழும்பின கனபேர் இந்தக் கதிரையில வந்து இருந்தவை. என்ன நடந்தது எண்டு முன்னமே ஒரு கடிதம் எழுதித் தந்திருந்தா தலைமைக் கந்தோருக்கு எடுத்துச் சொல்லியிருப்பன். ஆனா இஞ்ச ரெண்டு பிழை கிடக்கு. ஒண்டு, கோடு அவரை இன்னும் விடுவிக்கேல்லை. விடுவிக்காத ஆள் கம்பனி டிரக்டரா இருக்கவே ஏலாது, அது சட்டம். மற்றது, இல்லை எண்டு பொய்க்குச் சரி போட்டுக் கிடக்கு."

"அதைப் போட்டது நான்" என்றேன்.

"அவரைக் கேட்டனீங்களோ?"

இல்லை. ஊரைக் கேட்டேன், லொறிக்காரனைக் கேட்டேன். அவரைக் கேட்கவில்லை.

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இதை நான் இன்னும் பதியேல்லை. திருப்பிக் கொண்டுபோங்கோ. அவரை விலத்திப்போட்டு, பேர் கெடாத வேற ஒராளைப் போடுங்கோ. நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தாங்கோ. அவருக்கும் விடுதலை எடுக்கலாம், கடன் குடுத்தவை தடையில்லை எண்டு எழுதிக் குடுத்தா கோடு கெதியாப் பாக்கும். நகைநட்டு ஏதும் கிடக்கோ, மேலதிகமாக் காட்ட?"

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "தாலிக்கொடியைத் தவிர ஒண்டும் இல்லை, சேர்" என்றேன்.

"அதை விடுங்கோ" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, நீதிமன்றக் கட்டளையின் பிரதியைக் காட்டினார். கடன் கொடுத்தவர்கள் நாலு பேர். லொறிக்கு லீசிங் கொடுத்த கம்பனி ஒன்று, கொழும்புக் கடைகள் இரண்டு. நாலாவது பெயரைப் படித்தேன். விலாசத்தைப் படித்தேன். திரும்பப் பெயரைப் படித்தேன். எருக்கலம்பிட்டி நானா.

வீட்டுக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏற எனக்குத் துணிவு வரவில்லை. எருக்கலம்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். வழியில் கழுதைகள் தெருவை மறித்துக்கொண்டு நின்றன, ட்ரைவர் கோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். என்ன மறுமொழி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

நானா முற்றத்தில் சீமெந்து குழைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு, "இரிங்க தங்கச்சி" என்றார்.

நான் இருக்கவில்லை. "உங்களுக்குத் தெரியுமோ, நானா? முதல் நாளே தெரியுமோ?"

அவருடைய மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவடிக்கு வந்தார். பத்து மாதம் அடக்கி வைத்தது அவர் வாயில் இருந்தது. "அவருக்குத் தெரியாமலா? அந்தக் கடை ஆரால போனது எண்டு கேளுங்க. உங்கட புருசனுக்குக் குடுத்த அரிசிக் காசு வராமத்தான் நாங்க கடையை மூடின. இவர் ஒருத்தருக்கும் ஒரு சதம் கடன் வைக்கல்ல. என்ட காப்பு வித்துக் கட்டினார். அப்பிடிப்பட்டவரைத்தான் நீங்க இதே வீட்டுக்குள்ள இருந்து வங்குரோத்து எண்டு சொல்லிட்டுப் போனீங்க."

"உள்ள போ" என்றார் நானா, சத்தமில்லாமல்.

நான் அங்கே கிடந்த கல்லில் இருந்துவிட்டேன். இந்த மனிதரின் முகத்துக்கு நேரே நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. "ஏன் நானா சொல்லேல்லை? அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பனே."

"அவர் உங்களுக்குச் சொல்லாததை நான் எப்பிடிச் சொல்ற?" என்றார். "அவர் ஏமாத்தினவர் இல்ல, தங்கச்சி. அரிசி ஏத்தின லொறியை செக் பொயின்ற்றில மறிச்சு, அவரையும் கொண்டுபோய் நாலு மாசம் உள்ளுக்கு வைச்சிருந்தாங்க. வெளிய வந்தப்ப அரிசி புழுத்துப் போச்சு. லீசிங்காரன் லொறியைக் கொண்டுபோயிட்டான். எனக்கு எல்லாம் தெரியும்."

நாலு மாதம். முகாமில் காசு வராத அந்த நாலு மாதம் எனக்கு நினைவிருந்தது. குடிக்கிறாரோ, வேறு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாரோ என்று நான் நினைத்த நாலு மாதம்.

பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பணிப்பாளராக வருவீர்களா? தடையில்லை என்று ஒரு கடிதம் தருவீர்களா?

"டிரக்டருக்கு நாளைக்கே வாறன். கடிதம் உங்களிட்டத் தரமாட்டன்." அவர் குரல் முதல் முறையாகச் சற்று ஏறியது. "அவர் வரட்டும். நான் நெல்லுக்கா உங்கட படலைக்கு வந்தனான்? அவரைத் தேடித்தான் வந்தனான். சந்தையில என்னைக் கண்டா மற்றத் தெருவால போறார். காசு போனது ஒரு பக்கம். புத்தளத்தில எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்ட மனுசன்."

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கணவர் ஆலைச் சுவரடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் படிவத்தை அவருக்கு முன்னால் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்து, அந்தச் சரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லையோ உங்களுக்கு?" நான் கத்தினேன். பக்கத்துக் காணிக்காரர் எட்டிப் பார்த்தார்கள், நான் நிறுத்தவில்லை. "கோட்டில ஏறி நிண்டிருக்கிறீங்கள். நாலு மாசம் மறியலில இருந்திருக்கிறீங்கள். பரவாயில்லை எண்டு கடிதம் எழுதியிருக்கிறீங்கள். இந்தப் பேப்பரில கையெழுத்து வைக்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே. பெத்த பிள்ளையின்ர கலியாணக் காசையெல்லோ நான் கொண்டுபோய்க் கொட்டினனான்."

"அஞ்சாறு தரம் வாயைத் திறந்தனான்" என்றார். "உனக்கு நான் ஒராள்தான் மிச்சம் எண்டு நினைச்சன். அந்த ஆளும் விழுந்துபோனவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"புருசன் பெண்சாதிக்குள்ள என்ன ஒளிப்பு மறைப்பு? நான் உங்களிட்ட எதை ஒளிச்சனான்?"

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். கோபமே இல்லாமல் சொன்னார். "உன்ர கழுத்தில கிடக்கிறது கவரிங் எண்டு நீ வந்திறங்கின அண்டைக்கே எனக்குத் தெரியும். நான் கேட்டனானோ?"

சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விற்ற கொடி. முகாமுக்கு வெளியே ஒரு கடையில் வாங்கிய கவரிங். கறுத்துவிடக் கூடாதென்று குளிக்கும்போது கழற்றி வைத்து, அவர் கண்ணில் படாமல் திரும்பப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அவருக்குத் தெரியாது என்று இவ்வளவு காலமும் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அன்று பகல்கூட அதையே பிடித்துக்கொண்டு ஒரு வங்கி முகாமையாளருக்கு நாடகம் ஆடிவிட்டு வந்தவள் நான். தாலிக்கொடியைத் தவிர ஒன்றும் இல்லையாம்.

அதற்குப் பிறகு கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இருவரும் அந்தக் கல் குவியலில் இருந்து கதைத்தோம். பதினொரு வருடத்தையும் அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் கேட்டோம். கேட்டபோது சில இடங்களில் நான் அழுதேன், சில இடங்களில் திட்டினேன்.

அடுத்த நாள் காலை கணவர் தன் ஒரேயொரு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். எருக்கலம்பிட்டியில் இறங்கியதும் அவர் வந்த பஸ்ஸையே திரும்பிப் பார்த்தார், நான் முழங்கையைப் பிடித்தேன். படலையில் அவரைக் கண்ட நானா, "எங்க இவ்வளவு நாளும்?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் அங்கேயே நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கடிதம் எழுதியாயிற்று. "காசை விட்டுட்டன் எண்டு நான் எழுதமாட்டன்" என்றார் நானா. "கடன் நிக்கட்டும். மில் ஓடினாப் பிறகு அரிசியாத் தாங்க. தடை இல்லை எண்டு மட்டும் எழுதுறன்." அவருடைய மனைவி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், முகம் பார்க்கவில்லை. அவர் என் முகம் பார்த்துக் கதைக்க இன்னொரு வருடம் சென்றது. அதில் நியாயம் இருந்தது.

கடன் மாசி முடியத்தான் வந்தது, கேட்டதில் முக்கால்வாசி. இயந்திரம் வந்து இறங்கும்போது பாதிச் சனம் நெல்லை லொறிக்கு விற்று முடித்துவிட்டது. மிச்சத்தை நாங்கள் குத்தினோம். கணவரை நீதிமன்றம் விடுவிக்க அடுத்த வருடம் ஆனது. அதுவரை அவர் சொந்த ஆலையில் சம்பளக்காரராக நின்றார்.

கடன் வருமுன்னர், தை மாதத்தில், நானாவைப் பணிப்பாளராகச் சேர்த்துப் புதுப் படிவம் நிரப்பியது முகாமையாளரின் அறையில்தான். அதே கேள்வி வந்தது. அதே இரண்டு பெட்டி. பேனையை வைத்திருந்த என் கை இல்லை என்ற பெட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டது. எல்லாம் தெரிந்த பிறகும் பழக்கம் கையை இழுத்தது. நான் பேனையை மேசையில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"நானா, உங்களை எப்பவாவது வங்குரோத்து எண்டு கோடு அறிவிச்சதோ?"

முகாமையாளர் தலையை நிமிர்த்தினார். நானாவுக்கு அவசரமே இல்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னார்.

"இல்ல, தங்கச்சி. ஒருநாளும் இல்ல. இதைக் கேக்க உங்களுக்கு ஒரு வருசம் எடுத்திருக்கு."